அக்கா சுயேச்சையாக நிற்கிறார், பூத்தில் உட்கார ஆள் வேண்டும்

எங்கள் தொகுதியில் அக்கா சட்டமன்றத்துக்கு சுயேச்சையாக நிற்கப் போகிறார் என்று தெரிந்த நாளில் இருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் "ஜெயிப்பாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். ஏன் நிற்கிறார், போய் என்ன பேசுவார் என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. நான் அவருக்காக வேலை செய்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் ஐந்து வருஷம் ஊராட்சித் தலைவராக இருந்தவர். கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அவருக்குப் பூட்டு சாவி கிடைத்தது. எதிரில் நின்றவர்கள் யார் யாருடைய ஆட்கள் என்று ஊருக்கே தெரியும். அப்படி இருந்தும் ஜனங்கள் பூட்டு சாவியைத் தேடிப் பிடித்துக் குத்தினார்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்கிறார்கள், எந்தக் கிழவிக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோயிருக்கிறது என்று இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம். அதே ஜனங்கள்தான் இப்போது "நல்ல பொண்ணுதாம்பா, ஆனா ஓட்டு வீணாப் போயிடுமே" என்கிறார்கள்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. தமிழ்நாட்டில் 2011, 2016, 2021 மூன்று பொதுத்தேர்தலிலும் 234 தொகுதிகளில் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. 2006-இல் தளியில் ஒருவர் ஜெயித்தார், அவரும் ஏற்கெனவே கட்சியில் வேரோடியிருந்தவர். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் ஜெயித்த, அதிமுகவின் ஒரு அணியை நடத்திய தினகரனை சாதாரண சுயேச்சைக் கணக்கில் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

ஏன் இப்படி? ஆள் சரியில்லை என்பதால் மட்டும் இல்லை. சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது வேட்புமனு வாபஸ் வாங்கும் கெடு முடிந்த பிறகுதான். அங்கிருந்து ஓட்டுப்பதிவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம். 2021-இல் மார்ச் 22 வாபஸ் கடைசி நாள், ஏப்ரல் 6 ஓட்டு. அதிலும் கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கிடையாது. உதயசூரியனும் இரட்டை இலையும் பல தலைமுறையாகச் சுவரில் இருக்கின்றன. நமக்கோ அந்தச் சில நாளில் சின்னத்தை நோட்டீசில் அச்சடித்து, கடைசித் தெருவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மெஷினிலும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் பெயர்தான் முதலில் வரும், சுயேச்சைகள் கடைசியில்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெபாசிட் பொதுவாக 10,000 ரூபாய், எஸ்சி எஸ்டி வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பி வரும். 1,80,000 ஓட்டு என்றால் 30,000-ஐத் தாண்ட வேண்டும். பெரிய கட்சிக்காரருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்து வாக்காளர்கள் வேண்டும். 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்லக் கூட்டமாக வேட்புமனுப் போட்டு 1,033 பேர் களத்தில் நின்றார்கள், ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். அந்த வருஷமே டெபாசிட்டையும் ஏற்றி, பத்து பேர் விதியையும் கொண்டுவந்தார்கள். கோபத்தைக் காட்ட மனுப்போட்ட விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன்.

"உள்ளூர் ஆள்னா போதுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். போதாது. சட்டப்படி பார்த்தால் மாநிலத்தில் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வெளியூரில் இருந்து வந்து நன்றாக வேலை பார்த்தவர்களும் உண்டு. அக்காவை நான் நம்புவது அவர் வீடு இங்கே இருப்பதால் இல்லை. கிராம சபையில் வரவு செலவை வாய்விட்டு வாசித்து, கேட்டவர்களுக்கு நின்று பதில் சொன்னவர் அவர். அதனால் நம்புகிறேன்.

இன்னொரு கேள்வி: "ஜெயிச்சதும் ஆளுங்கட்சிக்குப் போயிட்டா?" சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவி போய்விடும். அதே சமயம், சட்டமன்றத்தில் எப்படி ஓட்டுப்போட வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்கிற கொறடாவின் உத்தரவை மீறி கட்சி எம்எல்ஏ ஓட்டுப்போட்டால் பதவிக்கே ஆபத்து, சுயேச்சைக்குக் கொறடாவே கிடையாது. சட்டமன்றத்தில் அவருக்குப் பேசக் கிடைப்பது சில நிமிஷம்தான் என்றாலும், துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் நம் ஊர் ஏரியைப் பற்றி யாரிடமும் அனுமதி கேட்காமல் பேசலாம்.

சரி, இப்போது எனக்கு நிஜமாகவே கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். பூத் ஏஜெண்ட், அதாவது வாக்குச்சாவடிக்குள் வேட்பாளர் சார்பில் உட்கார்ந்து கவனிக்கிற ஆள்.

ஒரு தொகுதியில் ஏறக்குறைய 300 வாக்குச்சாவடி இருக்கும். பெரிய கட்சிகளுக்கு எல்லா இடத்திலும் ஆள் உண்டு. சுயேச்சையின் நாற்காலிதான் காலியாகக் கிடக்கும். ஓட்டுப்பதிவு ஏழு மணிக்கு என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும். ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிப் பார்த்து, அதை அழித்துவிட்டு மெஷினுக்கு சீல் வைப்பார்கள். சீலில் ஏஜெண்டும் கையெழுத்துப் போடலாம். சாயங்காலம் எல்லாம் முடிந்ததும் 17சி என்கிற படிவத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதி, அதன் நகலை ஏஜெண்டிடம் கொடுப்பார்கள். எண்ணும் நாளில் மெஷின் காட்டும் எண்ணை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆள் இல்லாத பூத்தில் அந்தத் தாள் நம் கைக்கு வராது. ஊரே சேர்ந்து ஓட்டுப்போட்டாலும், அந்த இடத்தில் அக்காவின் பெயரைச் சொல்லி "இதைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்.

நோட்டீஸ் அடிக்க, செலவுக் கணக்கு எழுத ஆட்கள் வந்துவிட்டார்கள். கணக்கு விஷயத்தில் நாங்கள் ரொம்பக் கண்டிப்பு. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியாகிவிட்டது, வாடகை நாற்காலி, டீ வரைக்கும் பில். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் தகுதி இழக்கும் நிலை வரலாம் என்பது எல்லோருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.

பூத்துக்குத்தான் ஆள் போதவில்லை. குறிப்பாக மலையடிவார கிராமங்களில். கட்சிக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தனியாக உட்காரத் தயங்குகிறார்கள், அது புரிகிறது. அதனால் ஒரு பூத்துக்கு இரண்டு பேர் என்று யோசித்திருக்கிறோம், ஒருவர் உள்ளே இருந்தால் மாற்று ஆள் வெளியே இருப்பார். பெண்கள் வந்தால் இன்னும் நல்லது. பயிற்சி நாங்களே கொடுக்கிறோம், சாப்பாடு நம் பொறுப்பு, கூலி கிடையாது. எங்கள் தொகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள் உங்கள் பாகம் எண்ணையும் ஊர்ப் பெயரையும் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். மனுத்தாக்கலுக்கு முன்னாலேயே பட்டியலை முடித்துவிட வேண்டும்.