நான்கு நிமிடத்தில் அழித்த வரி

நாற்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்த ஒரு மனிதரை நான்கே நிமிடத்தில் விரட்டிவிட்டோம். ‘விரட்டிவிட்டார்கள்’ என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அந்தத் தளத்தில் நானும் ஒன்பது ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். அதனால் ‘விரட்டிவிட்டோம்’ என்றே எழுதுகிறேன்.

யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று முகப்பிலேயே அறிவித்துக்கொள்ளும் தன்னார்வக் கலைக்களஞ்சியம் அது. பெயர் வேண்டாம். இப்படிக் கூடி எழுதும் தளங்களில் பழகியவர்களுக்குப் பெயர் இல்லாமலே புரியும்.

பெரியவர் என் நண்பனின் தந்தை. நெசவு பற்றிய கட்டுரையை அவரிடம் காட்டியவன் நான்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். “தம்பி, ஊடை நூலுக்குக் கஞ்சி போடுவார்கள் என்று எழுதியிருக்கிறதே! ஊடை நாடாக் கட்டைக்குள் இருந்துகொண்டு குறுக்கே போய் வருவது. அதற்கு எதற்குக் கஞ்சி? தறியில் நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டு, உரசிக்கொண்டு, அறுந்து அறுந்து நம் உயிரை வாங்குவது பாவு நூல். கஞ்சி அதற்குத்தான்” என்றார். “நீங்களே திருத்துங்கள் ஐயா” என்றேன். நம்பவே இல்லை. “நான் திருத்தலாமா?” என்று இரண்டு முறை கேட்டார். கணக்குத் திறந்து கொடுத்தேன். கடவுச்சொல்லை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, தவறான வரியை எடுத்துவிட்டு இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க அரை மணி நேரமானது. சேமித்த பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

இரவு தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நான் எழுதியதைக் காணவில்லை. சிவப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை என்று வந்திருக்கிறது. நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?”

பக்க வரலாற்றைத் திறந்து பார்த்தேன். அவர் சேமித்தது மாலை 6:12. அதை நீக்கிப் பழையபடி மீளமைத்தது 6:16. காரணம் என்று ஒரே சொல்: ‘சான்றில்லை’. அவருடைய பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் பக்கத்தில், ஆயத்தமாக இருக்கும் வார்ப்புரு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். உங்கள் தொகுப்பு ஆக்கபூர்வமாக இல்லை, தொடர்ந்தால் தடை செய்யப்படுவீர்கள் என்று. கீழே விதிமுறைப் பக்கங்களுக்கு மூன்று இணைப்புகள். வணக்கம் இல்லை, வரவேற்பு இல்லை, அழித்தவர் தன் கையால் எழுதிய ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பேச்சுப் பக்கத்தின் முதல் வரியே மிரட்டல்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நான் கொதித்துப்போனது அடுத்து கண்ணில் பட்டதைப் பார்த்துத்தான். திரும்ப உட்கார்த்தி வைத்தார்களே, அந்தப் பழைய வரி, ஊடைக்குக் கஞ்சி போடும் வரி, அதற்கும் சான்று இல்லை! ஆறு ஆண்டுகளாக இல்லை. தவறான வரிக்கு ஆறு ஆண்டுகளில் ஒருவரும் சான்று கேட்கவில்லை. சரியான வரி வந்ததும் நான்கு நிமிடத்தில் சான்று கேட்டு வாசலை அடைத்துவிட்டார்கள். அப்படியானால் அங்கே எதைப் பார்த்தார்கள்? வரியைப் பார்க்கவில்லை. பயனர் பெயரைப் பார்த்தார்கள். புதிய பெயர், ஒரே ஒரு தொகுப்பு, அவ்வளவுதான்.

சான்று கேட்பதை நான் எதிர்க்கவில்லை. சான்று இல்லாத கலைக்களஞ்சியம் வதந்திக் கிடங்காகிவிடும். ஆனால் கேட்பது வேறு, அழிப்பது வேறு. ‘சான்று தேவை’ என்று வரியின் முடிவில் ஒரு குறி இடலாம். அதற்கென்றே அந்தக் குறி இருக்கிறது. ‘ஐயா, இதை எந்த நூலில் பார்க்கலாம்?’ என்று அவரிடம் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் பத்து நூல்களைத் தேடியிருப்பார். அந்த மாதிரி மனிதர் அவர்.

அழித்தவரை எனக்குத் தெரியும். கெட்டவர் அல்லர். ஒவ்வொரு நாளும் அண்மைய மாற்றங்கள் பட்டியலின் முன் உட்கார்ந்து, வசைகளையும் விளம்பரங்களையும் கிறுக்கல்களையும் சம்பளம் இல்லாமல் துடைத்துக்கொண்டிருப்பவர். நூறு குப்பைகளைத் தள்ளிய கை நூற்றொன்றாவதையும் அதே வேகத்தில் தள்ளிவிடுகிறது. அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் களைத்துப்போன காவலாளி கண்ணை மூடிக்கொண்டு தடியைச் சுழற்றினால் அடி விழுவது திருடன் மேல் மட்டுமா? கருவிகளையும் அப்படியே செய்து வைத்திருக்கிறோம். நீக்க ஒரு சொடுக்கு போதும். எச்சரிக்க இன்னொரு சொடுக்கு. திருத்தி நிறுத்தவோ பத்து நிமிடம் வேண்டும். சோர்ந்த மனிதன் எந்தப் பக்கம் சாய்வான் என்று கருவியைச் செய்தவர்கள் ஏன் யோசிக்கவில்லை?

அன்று இரவு என் பழைய பதிவுகளையும் தோண்டிப் பார்த்தேன். நானும் அந்தக் காவலில் இரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒருவர் ஒரே படத்தை இரண்டு இடங்களில் போட்டிருக்கிறார். நான் இரண்டையும் நீக்கிவிட்டு விதிமுறையின் சுருக்கப் பெயரை மட்டும் காரணமாக எழுதியிருக்கிறேன். அந்தச் சுருக்கம் என்னவென்று அன்றுதான் வந்தவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய பங்களிப்புப் பட்டியல் அந்த ஒற்றைத் தொகுப்போடு நிற்கிறது. இப்படி எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, பதினொன்றோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பார்க்க மனம் வரவில்லை.

இந்த வகைத் தளங்கள் எப்படிப் பிறந்தன என்பதையாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா? 2000-ஆம் ஆண்டில் நூபீடியா என்றொரு இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பட்டது. அறிஞர்கள் எழுத வேண்டும், ஏழு படிநிலைகளில் சரிபார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் ஆண்டில் தேறியவை 21 கட்டுரைகள். 2001 ஜனவரி 15 அன்று, எவரும் தொகுக்கலாம் என்று அதன் பக்கத்திலேயே திறந்து வைத்ததுதான் விக்கிப்பீடியா. அதில் முதல் ஆண்டுக்குள் ஏறத்தாழ 18,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. அந்த 18,000-மும் ஒழுங்காகவா இருந்தன? ஒற்றை வரிக் கட்டுரைகள், பிழை மலிந்த கட்டுரைகள், பாதியில் நின்ற கட்டுரைகள். ஒருவர் அரைகுறையாக வைத்துவிட்டுப் போனதை அடுத்தவர் நிமிர்த்தினார். முழுதாக இல்லை என்று எவரும் தூக்கி எறியவில்லை. இன்று காவலில் நிற்கும் மூத்தவர்களில் பலர் அப்படித் தப்பிப் பிழைத்து வளர்ந்தவர்கள். தாங்கள் ஏறி வந்த ஏணியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, கீழே நிற்பவனைப் பார்த்து ‘ஏறத் தெரியவில்லையே’ என்கிறார்கள்.

விளைவும் ஊரறிந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து தொகுப்பவர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கியது. ஏன் என்று ஆரன் ஹாஃபேக்கர் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். விசமிகளைத் தடுக்க உருவாக்கிய விதிகளும் தானியங்கிக் கருவிகளும் நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்துத் தள்ளுகின்றன, முதல் தொகுப்பு அடிபட்டவர்கள் நிலைப்பதில்லை என்று கண்டார்கள். இத்தனைக்கும் ‘புதியவர்களைக் கடிக்காதீர்கள்’ என்று அங்கே ஒரு வழிகாட்டுதலே இருக்கிறது! நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமும், தான் புதியவர்களுக்கு இணக்கமான இடமாக இல்லை என்று 2018-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

மாறாக, ஆண்டுக்கு ஒருமுறை கூடி, ‘புதிய ஆட்கள் வருவதே இல்லை, இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை’ என்று ஒப்பாரி வைக்கிறோம். பிறகு பயிலரங்கு நடத்துகிறோம். அறுபது பேர் கணக்குத் தொடங்கினார்கள் என்று அறிக்கை எழுதுகிறோம். அடுத்த மாதம் அந்த அறுபதில் எத்தனை பேர் தொகுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை, ஏனென்றால் எண்ணுவதே இல்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைத்துவிட்டுக் கிணற்றைக் குறை சொல்கிறோம்.

பெரியவருக்கு நடந்ததைச் சமூக உரையாடல் பக்கத்தில் எழுதினேன். வந்த முதல் பதில்: ‘தொகுக்கும் முன் அவர் விதிமுறைகளைப் படித்திருக்க வேண்டும்.’ எந்த விதிமுறைகளை? எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒன்பது ஆண்டுகள் இருந்த நானே பாதியைத்தான் படித்திருக்கிறேன். நீந்தத் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்று ஒருவருக்குச் சொல்ல முடியுமா? இன்னொருவர், ‘தடித்த தோல் இல்லாதவர்களுக்கு இது இடமல்ல’ என்று எழுதினார். ஏன் அல்ல? அறிவைச் சேர்க்கத்தானே கூடியிருக்கிறோம்? மென்மையான மனிதர்களிடம் இருக்கும் அறிவு நமக்கு வேண்டாமா?

நான் கேட்பது மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல. ஒருவரின் முதல் பத்துத் தொகுப்புகளில் எச்சரிக்கை வார்ப்புருவைத் தொடாதீர்கள். அப்பட்டமான விசமம் என்றால் வேறு. மற்றபடி, சொந்தக் கையால், அவர் பெயரைச் சொல்லி, இரண்டு வரி எழுதுங்கள். எழுத நேரம் இல்லை என்றால் அழிக்கவும் நேரம் இல்லை என்று விட்டுவிடுங்கள், வேறொருவர் பார்த்துக்கொள்வார். இணைப்புத் தவறா, நீங்களே சரிசெய்துவிட்டு, ‘இப்படிச் செய்திருக்கிறேன், அடுத்த முறை உதவும்’ என்று சொல்லுங்கள். புதியவர்கள் கூச்சமின்றிக் கேள்வி கேட்க ஆங்கில விக்கிப்பீடியாவில் 2012-இலேயே தேநீரகம் என்றொரு பக்கம் வைத்துவிட்டார்கள். எங்கள் உதவிப் பக்கத்திலோ மூன்று மாதக் கேள்விகள் பதிலில்லாமல் கிடக்கின்றன.

ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். பெரியவர் எழுதிய அதே இரண்டு வாக்கியங்களை, ஓர் எழுத்தும் மாற்றாமல், சான்றும் சேர்க்காமல், என் கணக்கிலிருந்து இட்டேன். மூன்று வாரங்கள் அப்படியே இருந்தன. ஒருவரும் தொடவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. பிறகு நானே நூலகத்தில் நெசவுப் பாடநூல் ஒன்றைத் தேடி எடுத்துச் சான்று சேர்த்தேன். அதற்கு எனக்கு ஆனது இருபது நிமிடம்.

அவரைப் போய்ப் பார்த்தேன். வரி திரும்ப வந்துவிட்டது என்று காட்டினேன். “நல்லது தம்பி” என்றார். அடுத்து எழுதலாம் என்று தறியின் ஒவ்வொரு பாகத்தையும் பென்சிலால் வரைந்து, பெயரும் வேலையும் குறித்து, நோட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு பக்கங்கள் நிரப்பி வைத்திருந்திருக்கிறார். அதை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீயே எழுதிவிடு. அது படித்தவர்கள் எழுதுகிற இடம் போலிருக்கிறது.”

வாங்க மறுத்துவிட்டேன். அவருடைய பேச்சுப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கட்டம் இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள் என்று, அதைப் போட்டவரிடமே கேட்டிருக்கிறேன். ஐந்து நாட்களாகின்றன. நாளையும் கேட்பேன்.