அவள் பயந்ததாகவே இருக்கட்டும்

நேற்று ராத்திரியிலிருந்து நடக்கிற கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார் பதிவு, யார் கமெண்ட் என்று நான் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தேடிப் போக வேண்டாம். பிரசவமாகி நாலு நாள் ஆன ஒரு பெண், தையல் வலியோடு உட்கார்ந்து, குழந்தைக்குத் தலை திரும்பவில்லை, சிசேரியன் ஆனது, இருவரும் நலம் என்று படம் போடுகிறாள். அதற்குக் கீழே ஒரு மகானுபாவர் வந்து, "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருந்தா தானா திரும்பியிருக்கும், பயந்துபோய் கத்திக்கு ஒத்துக்கிட்டீங்க" என்கிறார். அதற்கு லைக். ஹார்ட் வேறு.

சரி, அவள் பயந்ததாகவே இருக்கட்டும். பயப்பட அவளுக்கு உரிமை இல்லையா? வயிற்றில் இருப்பது அவள் குழந்தை, இவருடையது இல்லையே.

"தானா திரும்பும்" என்பது முழுப் பொய் இல்லை. அதனால்தான் அது ஆபத்தான பேச்சு. 28 வாரத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்று, தலைக்குப் பதிலாகப் புட்டமோ காலோ கீழே இருக்கும்படிதான் இருக்கும். இதைத்தான் பிரீச் என்கிறார்கள். பெரும்பாலானவை திரும்பிவிடும். மாதம் நிறையும்போது 3 முதல் 4 சதவீதம்தான் அப்படியே மிஞ்சும். ஆனால் முதல் பிரசவத்தில் 36 வாரம் தாண்டியும் திரும்பாத குழந்தை, அதற்குப் பிறகு தானாகத் திரும்புவது 100-ல் 8 பேருக்குத்தான். அவளுக்கு இது முதல் பிரசவம், 39 வாரம் முடிந்திருந்தது. பதிவிலேயே எழுதியிருக்கிறாள். படித்திருந்தால்தானே!

அப்புறம் "நீ ஒழுங்கா நடந்திருந்தா, இந்தப் பக்கம் படுத்திருந்தா" என்று ஒரு கூட்டம். முட்டி போட்டுக் குனிவதாலோ, இடுப்பை உயர்த்திப் படுப்பதாலோ குழந்தை திரும்பும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. செய்து பார்க்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் திரும்பவில்லை என்றால் அவள் குற்றம் என்று எழுதாதீர்கள். பனிக்குட நீர் கூடக் குறைய இருக்கலாம், கர்ப்பப்பையின் அமைப்பு அப்படி இருக்கலாம், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கலாம். பெரும்பாலும் ஒரு காரணமும் அகப்படாது.

என் மகளும் பிரீச்தான். வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பாதிப் பேருக்குத்தான் பலிக்கும், முதல் பிரசவம் என்றால் இன்னும் குறைவு, 200-ல் ஒருவருக்கு உடனே சிசேரியன் தேவைப்படலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார். ஒத்துக்கொண்டேன். கர்ப்பப்பை தளர ஒரு ஊசி. வயிறு முழுக்க ஜெல். ஒரு கை அடிவயிற்றுக்குள் புதைந்து குழந்தையின் புட்டத்தைத் தூக்க, இன்னொரு கை விலாவுக்குக் கீழே முட்டிக்கொண்டிருந்த தலையை அழுத்தியது. அந்த உருண்டை தோலுக்கடியில் நகர்வதை என் கண்ணாலேயே பார்த்தேன். குறுக்கே வரை வந்தாள். கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே போய்விட்டாள். இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கியதும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் சிசேரியன். நானும் பயந்தவள்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

பயம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு. தலை முதலில் வந்தால், பெரிய பாகம் முதலில் வழி பண்ணிக்கொண்டு வருகிறது. பிரீச்சில் உடம்பு வெளியே வந்த பிறகு கடைசியாகத் தலை வர வேண்டும். அந்த நேரத்தில் தொப்புள்கொடி தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நசுங்கும். தலை சிக்கினால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். கால் முதலில் வரும் பிரீச் என்றால் தொப்புள்கொடியே முன்னால் நழுவி விழும் அபாயம் பல மடங்கு அதிகம்.

எண்ணையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் காலேஜ் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 39 வாரத்துக்குப் பிறகு திட்டமிட்ட சிசேரியனில் குழந்தை இறப்பு 1000-க்கு சுமார் 0.5. திட்டமிட்ட பிரீச் நார்மல் பிரசவத்தில் சுமார் 2. தலை கீழே இருக்கும் குழந்தைக்குத் திட்டமிட்ட நார்மலில் சுமார் 1. இதைப் பார்த்து ஒருத்தி சிசேரியன் கேட்டால் அது நியாயம். இன்னொருத்தி, 1000-ல் 998 குழந்தை பிழைத்துவிடுகிறதே என்று நார்மலுக்கு முயன்றால் அதுவும் நியாயம். எண்ணைச் சொல்லுங்கள், முடிவை அவளிடம் விடுங்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்னும் பத்து தடவையும் சொல்வேன்.

"அக்கா, நீங்க சிசேரியனுக்கு வக்காலத்து வாங்குறீங்க" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில். இல்லை தம்பி. அதே பதிவில் இன்னொரு பக்கம், "பிரீச்சை நார்மலில் பார்ப்பது கொலைக்குச் சமம்" என்று எழுதிய டாக்டரும் எனக்கு எரிச்சல்தான். அவர் மனதில் இருப்பது 2000-ல் 'லான்செட்'டில் வந்த ஆய்வு. 26 நாடுகளில் 2088 பெண்கள். குழந்தை இறப்பும் கடும் பாதிப்பும் சேர்த்து சிசேரியன் பக்கம் 1.6 சதவீதம், நார்மல் பக்கம் 5 சதவீதம். உலகமே ஒரே ராத்திரியில் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியை 2 வயதில் பார்த்தபோது, இறப்பிலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும் இரண்டு பக்கமும் வித்தியாசம் தெரியவில்லை. 2006-ல் வெளியான இன்னொரு ஆய்வில் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 8000-க்கு மேற்பட்ட பெண்களைக் கவனித்தார்கள். கவனமாகத் தேர்ந்தெடுத்து, பழக்கப்பட்ட கைகள் பார்த்த இடங்களில், நார்மல் பக்கம் 1.6 சதவீதம், சிசேரியன் பக்கம் 1.45 சதவீதம் என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. இதையும் அவர் சொல்லியிருக்கலாம். அடுத்த கர்ப்பத்தில் பழைய சிசேரியன் தழும்பின் மேல் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும் சிக்கலையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பழக்கப்பட்ட கை என்றேனே, அதுதான் இப்போது அருகிவிட்டது. என் தங்கைக்கு ரெண்டாவது பிரசவம். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போதே குழந்தையின் புட்டம் தெரிகிறது. தியேட்டருக்குக் கொண்டுபோக நேரமே இல்லை. இளைய டாக்டர் வெலவெலத்துப் போனார். ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு நர்ஸம்மாதான் முன்னால் வந்தார். வந்து என்ன செய்தார் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இழுக்காதீங்க, யாரும் இழுக்காதீங்க." தொப்புள் வரை தானாக வந்தது. தோள் வந்தது. அப்புறம்தான் குழந்தையை முன்னங்கையில் கிடத்தி, கன்னத்தெலும்பில் ரெண்டு விரல் வைத்துத் தலையைக் குனியவைத்து எடுத்தார். நீலமாக வந்தவன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதான். இப்போது அவனை அடக்க ஆள் இல்லை. சிசேரியன்தான் நல்லது என்று முடிவெடுத்தாலும் இப்படி வாசலில் வந்து நிற்கிற பிரசவங்கள் இருக்கத்தான் செய்யும். கொலை என்று எழுதுகிறவர் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

"அந்தக் காலத்தில் எல்லாம் வீட்டிலேயே பிறந்தது" கோஷ்டிக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. பிழைத்தவர்கள் எண்ணிக்கைதான் உங்களிடம் இருக்கிறது.

இவ்வளவு எழுதியும் எனக்கு ஆறவில்லை. ஏன் தெரியுமா? எப்படிப் பிறந்தது என்று இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள். பிறந்த குழந்தையைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பிரீச் குழந்தைக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். பெண் குழந்தை என்றால் இன்னும் அதிகம். வயிற்றைக் கிழித்து எடுத்தாலும் சரி, நார்மலில் வந்தாலும் சரி, 36 வாரத்துக்குப் பிறகு கையால் திருப்பித் தலை வழியே வந்திருந்தாலும் சரி. சுமார் 6 வாரத்தில் ஒரு இடுப்பு ஸ்கேன். வலி இல்லை, ஊசி இல்லை. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தில் பிரீச் என்று அவர்களே எழுதியிருந்தார்கள், அதற்குக் கீழே "குழந்தை நலம்" என்றும் எழுதியிருந்தார்கள். அவள் நடக்க ஆரம்பித்து ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போனபோது, "நடை பழகுறா, சரியாயிடும்" என்றார்கள். பிறந்த சில மாதங்களுக்குள் கண்டுபிடித்தால் துணி வார் ஒன்று மாட்டியே பெரும்பாலும் சரி செய்துவிடலாம். என் மகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, மூட்டை உள்ளே தள்ளி, மார்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. கால் ரெண்டும் தவளை மாதிரி விரிந்தபடி. கட்டுக்குள் டயப்பரைத் திணித்து மாற்றுவேன், ஓரத்தில் தோல் உரிந்து கிடக்கும். அப்போதும் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நார்மலுக்கு முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாமே?"

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று கேட்டவர்களுக்கு, போதுமா?

காலையில் அந்தப் பெண்ணுக்குத் தனியாக மெசேஜ் போட்டு, இடுப்பு ஸ்கேன் பற்றிச் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லையாம். 6 வாரம் ஆகும்போது எடுக்க நாள் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். கமெண்டைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். பிரீச் குழந்தை வைத்திருப்பவர்கள், ஸ்கேன் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் எல்லாரும் எழுதுங்கள். "பயந்தாங்கொள்ளி" என்று எழுத வருபவர்கள் சிரமப்பட வேண்டாம், பிளாக் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.