முள் விழுந்தால் மீட்டர் போச்சு என்று அர்த்தமில்லை

"ஆர்பிஎம் முள் எழும்பவில்லையென்றால் மீட்டர் போர்டையே மாற்ற வேண்டியதுதான்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தப்பு அண்ணே. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் இந்த முள்ளுக்குச் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய பெட்ரோல் வண்டியில் அது இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) மைனஸ் முனையிலிருந்து வரும். நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு. (எஞ்சின் ஓடும்போது அங்கே சில நூறு வோல்ட் துள்ளும், கை வைக்காதீர்கள்.) பழைய டீசலில் காயிலே கிடையாது, பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது) 'டபிள்யூ' முனைதான் சிக்னல் தரும். முள்ளும் செத்து, சார்ஜ் விளக்கும் எரிந்தால் சந்தேகம் ஆல்டர்னேட்டர் மேல். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் வழுக்கினாலும் முள் குறைத்துக் காட்டும்.

என் டீசல் ஜீப்புக்குக் காரைக்குடியில் இப்படித்தான் மீட்டரை மாற்றினார்கள். மாற்றியும் முள் அசையவே இல்லை. கடைசியில் பார்த்தால் 'டபிள்யூ' ஒயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், சரியாகிவிட்டது. தண்டச்செலவு!

புது வண்டி என்றால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுங்கள். அதில் ஆர்பிஎம் சரியாக வந்து முள் மட்டும் தூங்கினால், அப்புறம் மீட்டரைச் சந்தேகப்படலாம். அப்போதும் மீட்டரின் ஃபியூஸையும் எர்த் ஒயரையும் பார்த்துவிட்டு.