லினக்ஸில் ஓடும் என்று சொல்லி வாங்கிய பணம்

கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் நாங்கள் முன்பணம் போட்டு உருவான ஒரு கணினி விளையாட்டின் கம்பெனியிடமிருந்து அந்த மெயில் வந்ததிலிருந்து நான் பேசாமல்தான் இருந்தேன். விளையாட்டின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதப்போவதில்லை. எதைச் சொல்கிறேன் என்று இங்கே இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். என்னோடு சேர்ந்து பணம் போட்டவர்களே இருக்கிறீர்கள். ஆனால் நேற்று நம் குரூப்பில் ஒருவர், "அதான் எல்லாருக்கும் ஒரு அங்கியும் பட்டமும் இலவசமா தர்றாங்களே, இன்னும் என்ன வேணுமாம்?" என்று கேட்டிருந்தார். அதற்கு நாற்பது லைக். அதனால் எழுதுகிறேன்.

மெயிலில் இருப்பது இவ்வளவுதான். விண்டோஸ் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸில் ஓடும் பதிப்பு அடுத்த அப்டேட்டோடு நிற்கிறது. வருந்துகிறார்கள். ஆரம்பத்தில் கைகொடுத்த எங்களுக்கு நன்றிக்கடனாக, விளையாட்டுக்குள் போட்டுக்கொள்ள ஊதா நிறத்தில் ஒரு அங்கி, பெயருக்கு முன்னால் ஒரு பட்டம். இரண்டையும் பெற விண்டோஸில் லாகின் செய்ய வேண்டும்.

மறுபடி படித்துப் பாருங்கள். லினக்ஸில் இனி வர முடியாது என்று சொல்லும் மெயிலிலேயே, அதற்கு ஈடாக, விண்டோஸில் வந்தால் மட்டும் கிடைக்கும் பரிசு.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். லினக்ஸில் ஓடும் என்று சொல்லிப் பணம் கேட்டார்கள். அதைப் பார்த்துத்தான் பணம் போட்டோம். ஓடாது என்று ஆகிவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கி வேண்டாம், பட்டம் வேண்டாம். எங்களால் உள்ளே போய்த் தொட முடியாத எந்தப் பரிசும் எங்களுக்குக் கொடுத்த பரிசு ஆகாது.

"கிக்ஸ்டார்ட்டர் கடை இல்லை, ரிஸ்க் தெரிந்துதானே போட்டீர்கள்?" என்று உடனே ஒருவர் வருவார். எல்லாச் சண்டையிலும் வருவார். சரி, பேசுவோம். கடை இல்லை என்று கிக்ஸ்டார்ட்டரே 2012-இல் சொல்லியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே கிக்ஸ்டார்ட்டரின் விதிமுறைகளில் என்ன எழுதியிருக்கிறது? நிதி திரட்டல் வெற்றி பெற்றால், அதை நடத்தியவர் வேலையை முடித்து, பணத்துக்குப் பதிலாகத் தருவதாகச் சொன்ன ஒவ்வொரு ரிவார்டையும் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் பணம் எதற்குச் செலவானது என்று விளக்க வேண்டும், மிச்சம் இருந்தால் திருப்பித் தர வேண்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநில அரசு 2014-இல், சொன்ன சீட்டுக்கட்டை அனுப்பாத ஒரு நிறுவனத்தின் மேல் நுகர்வோர் சட்டப்படி வழக்கே போட்டது. அடுத்த வருடம் தீர்ப்பும் பணம் போட்டவர்களுக்குச் சாதகமாக வந்தது. ரிஸ்க் என்பது விளையாட்டு உருவாகாமலே போய்விடும் ரிஸ்க். அதை நான் ஏற்றுக்கொண்டுதான் போட்டேன். இங்கே விளையாட்டு உருவாகிவிட்டது, ஓடுகிறது, விற்கிறது. எங்களுக்கு மட்டும் கதவை மூடியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் ரிஸ்க் இல்லை.

மதுரையில் மண்டபம் என்று அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் "மண்டபம் சென்னையில் ரெடி, வாழைமரம் கட்டியாச்சு, சந்தன மாலை எங்கள் செலவு" என்றால் அந்த மாலைக்கு நன்றி சொல்லிவிட்டு வருவீர்களா?

இது இன்றைக்கு நேற்று நடக்கும் கதை இல்லை. எலீட் டேஞ்சரஸ் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தார்கள். 25,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 15 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். இணையம் இல்லாமல் தனியாக விளையாடும் வசதி உண்டு என்று கேம்பெயின் நடக்கும்போதே சொல்லப்பட்டது. 2014 நவம்பரில், வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு நியூஸ்லெட்டருக்குள் வைத்து அந்த வசதி இல்லை என்று அறிவித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களில், சோதனைப் பதிப்பை ஏற்கெனவே ஆன்லைனில் விளையாடியவர்களுக்குக் கிடையாது என்பதுதான் முதலில் வந்த பதில். அதாவது முன்கூட்டியே நம்பி, பிழைகளோடு விளையாடி, பிழைகளை எழுதி அனுப்பியவர்களுக்குத்தான் இல்லை. நம்பிக்கை அதிகம் வைத்தவனுக்குத்தான் அடி அதிகம்.

மேக் கதையும் அதே விளையாட்டில்தான். நிதி இந்த அளவைத் தாண்டினால் மேக் பதிப்பும் வரும் என்று ஸ்ட்ரெச் கோல் வைத்தார்கள். தாண்டியது. 2015 மே மாதம் மேக் பதிப்பு வந்தது. அதே டிசம்பரில் கோள்களில் இறங்கும் ஹொரைசன்ஸ் விரிவாக்கம் வந்தபோது மேக்குக்கு வரவில்லை. அதற்குத் தேவையான கம்ப்யூட் ஷேடர் என்ற கிராஃபிக்ஸ் வசதி, திரையில் படம் வரைய ஆப்பிள் வைத்திருந்த ஓப்பன்ஜிஎல்லில் இல்லை, ஆப்பிள் அதன் 4.1 பதிப்பிலேயே நின்றுவிட்டது, கம்ப்யூட் ஷேடர் 4.3-இல்தான் வருகிறது. தொழில்நுட்பக் காரணம் உண்மையான காரணம், அதில் எனக்குச் சண்டை இல்லை. 2018 டிசம்பரில் மேக் ஆதரவே முடிந்தது. என் கேள்வி காரணத்தைப் பற்றியது அல்ல. ஆப்பிள் செய்ததற்கு ஏன் மேக்கை நம்பிப் பணம் கட்டியவர் விலை கொடுக்க வேண்டும்? ஸ்ட்ரெச் கோல் வைக்கும்போது அந்த ஓப்பன்ஜிஎல் நிலவரத்தை யார் பார்த்திருக்க வேண்டும், புரோகிராமரா, நானா?

ஆட்கள் குறைவு என்பது அடுத்த வாதம். "லினக்ஸில் விளையாடுவது எத்தனை பேர்? ஒரு சதவீதம் இருப்பீர்களா?" இருக்கலாம். அப்படியானால் திருப்பித் தருவதும் ஒரு சதவீதம்தானே? ஆட்கள் குறைவு என்றால் பதிப்பை நிறுத்துவது சுலபம், பணத்தைத் திருப்பித் தருவதும் அவ்வளவே சுலபம். ராக்கெட் லீக் 2020-இல் மேக், லினக்ஸ் இரண்டுக்கும் ஆன்லைன் ஆதரவை நிறுத்தியபோது, அந்த இரண்டிலும் சேர்த்து விளையாடுபவர்கள் 0.3 சதவீதத்துக்கும் குறைவு என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு அவர்களுக்கு ரீஃபண்ட் கொடுத்தார்கள். வாங்கிப் பல வருடம் விளையாடியவர்களுக்கும்கூட. அது கிரவுட்ஃபண்டிங்கில், அதாவது இப்படி மக்களிடம் நிதி திரட்டி வந்த விளையாட்டுகூட இல்லை.

ஷென்மூ 3-ஐயும் சொல்ல வேண்டும். 2015-இல் 60 லட்சம் டாலருக்கு மேல் கிக்ஸ்டார்ட்டரில் திரட்டிய விளையாட்டு. பிசி பதிப்பு ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கும் என்று நம்பி இருந்தவர்களிடம் 2019-இல் வந்து, அதற்குப் போட்டிக் கடையான எபிக் ஸ்டோரில்தான் முதலில் என்றார்கள். பெரிய ரகளை. கடைசியில் ரீஃபண்ட் கொடுத்தார்கள். அந்த ரீஃபண்ட் செலவைத் தானே ஏற்பதாகவும், இனிமேல் இப்படிக் கிரவுட்ஃபண்டிங் விளையாட்டுகளைத் தன் பக்கம் எடுத்தால் மற்ற கடைகளிலும் கிடைக்க வழி செய்வதாகவும், இல்லையென்றால் அறிவிக்கும்போதே ரீஃபண்ட் உறுதி என்றும் எபிக் சொன்னது. அதே வருடம் ஃபீனிக்ஸ் பாயிண்ட் இதே காரியத்தைச் செய்தபோது அறிவிப்போடு சேர்த்தே ரீஃபண்டும் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும் அங்கே கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியதில்லை, இன்னொரு கடையின் செயலியை இறக்கினால் போதும். அதற்கே ரீஃபண்ட். எங்களிடம் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மாற்று என்கிறார்கள், கூடவே ஓர் அங்கி.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் எடுத்த ரிவார்டில், விளையாட்டுக்குள் இருக்கும் ஊரில் ஒரு கடைக்காரருக்குப் பெயர் வைக்கலாம், அவர் பேச ஒரு வரி எழுதித் தரலாம் என்று இருந்தது. என்னுடைய கார்டில் வெளிநாட்டுக்குப் பணம் போகாது. சித்தப்பா மகன் கார்டில் கட்டி, இரண்டு மாதச் சம்பளத்தில் பிரித்துப் பிரித்து அவனுக்குக் கொடுத்தேன். பெயராக எங்கள் ஆச்சியின் பெயரைக் கொடுத்தேன். ஆச்சி எங்கள் ஊர்ச் சந்தையில் சிம்னி விளக்கும் திரியும் விற்றவர். விளையாட்டிலும் துறைமுகச் சந்தையில் விளக்குக் கடையே கேட்டேன், கொடுத்தார்கள். அந்த நன்றியை இன்றைக்கும் மறக்கவில்லை. "இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரு, விளக்கை அப்புறம் வந்து வாங்கிக்கலாம்" என்று ஆச்சி எல்லாரிடமும் சொல்வதைத்தான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். ஆல்ஃபா என்ற சோதனைப் பதிப்பில் முதல் தடவை அந்தச் சந்தைக்குள் நடந்து போனபோது மழை பெய்துகொண்டிருந்தது. கடைசிக் கடை. பச்சைக் கண்ணாடி விளக்குகள் வரிசையாகத் தொங்கின. கிட்டே போனதும் தலைக்கு மேல் ஆச்சியின் பெயர் வந்தது, அந்த வரியும் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். அத்தைக்கு விளையாட்டு என்றால் என்னவென்று தெரியாது. "எங்கம்மா பேரு எப்படிடா அங்க போச்சு?" என்று போனில் அழுதார்.

அந்தக் கடை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அதைக் கடந்து போவார்கள். நான் போக முடியாது. இதை "ரிவார்டு வழங்கப்பட்டது" என்று அவர்கள் கணக்கில் டிக் அடித்து வைத்திருக்கிறார்கள்.

"விண்டோஸ் போட்டுக்கோயேன், டூயல் பூட் தெரியாதா?" ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் வைப்பதுதானே, தெரியும். பதினைந்து வருடமாக லினக்ஸ் பயன்படுத்துகிறவனுக்கு டூயல் பூட் சொல்லித் தர வேண்டாம். லைசென்ஸ் காசு யார் தருவது, என் லேப்டாப்பில் எதை அழித்து இடம் பண்ணுவது என்பதெல்லாம் அப்புறம். நான் ஏன் செய்ய வேண்டும்? சர்வே ஃபார்மில் "உங்களுக்கு எந்தப் பதிப்பு வேண்டும்" என்று கேட்டவர்கள் அவர்கள். லினக்ஸ் என்று நான் டிக் அடித்ததை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

"புரோட்டான் இருக்கே." இருக்கிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் 2018-இல் கொண்டுவந்த புரோட்டானில் எத்தனையோ விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் நன்றாகவே ஓடுகின்றன, நானும் ஓட்டுகிறேன். இந்த விளையாட்டும் ஓடியிருக்கும். ஆனால் அதே அப்டேட்டில், ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் ஆண்டி-சீட் ஒன்றையும் சேர்க்கிறார்கள், புரோட்டானில் அதை அனுமதிக்கவில்லை. ஈஸி ஆண்டி-சீட், பேட்டில்ஐ என்ற ஆண்டி-சீட்கள் இரண்டுமே 2021-இலிருந்து புரோட்டானில் இயங்க வழி வைத்திருக்கின்றன. விளையாட்டை உருவாக்குபவர்கள் சம்மதித்தால் போதும். இவர்கள் சம்மதிக்கவில்லை. கேட்டால் "பரிசீலனையில்" என்று பதில். பதிப்பை நிறுத்தத் தேதி குறிக்கத் தெரிகிறது, பரிசீலனைக்குத் தேதி குறிக்கத் தெரியவில்லை.

"சின்ன ஸ்டுடியோ பாவம், ரீஃபண்ட் கொடுத்தால் மூடிவிடுவார்கள்." இந்த வாதம் மட்டும் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது. மூடுவது என்றால் என்னவென்று பார்த்திருக்கிறோம். க்ரோஃபால் 2015-இல் 17 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2021-இல் வெளியாகி, 2022 நவம்பரில் சர்வரை அணைத்தது. பணம் கொடுத்து வாங்கிய நிலமும் கோட்டையும் அதோடு போயின. க்ரானிக்கிள்ஸ் ஆஃப் எலிரியாவில் ராஜா, பிரபு என்று பதவிகளை ரிவார்டாக விற்றார்கள். 2020 மார்ச்சில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள், விளையாட்டு வெளியாகவேயில்லை. அந்தக் கதி யாருக்கும் வர வேண்டாம். எல்லாருக்கும் ஒரே நாளில் கொடு என்று நான் கேட்கவில்லை. லினக்ஸ் என்று டிக் அடித்தவர்களுக்கு மட்டும், ஒரு வருடத்தில், தவணையில் கொடுக்கட்டும். அதுவும் முடியாது என்றால் கணக்கைக் காட்டட்டும். ஆனால் போன மாதம்தான் புது விரிவாக்கத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்று விளம்பரம் போட்டார்கள். மூடப்போகும் கம்பெனி செய்கிற வேலையா அது?

"உலகத்தில் எவ்வளவோ பிரச்சினை, நீ ஒரு கேமுக்கு அழுகிறாய்" என்பவர்களுக்குப் பதில் இல்லை. உங்களுக்குப் பிடித்ததைப் பற்றி நீங்கள் எழுதும்போது நான் வந்து அப்படிக் கேட்டதில்லை.

எனக்கு வலிப்பது பணம்கூட இல்லை. கேம்பெயின் பக்கத்தில் முதல் வரியிலேயே லினக்ஸின் சின்னமான பெங்குவின் படம் போட்டிருந்தார்கள். லினக்ஸ் சமூகத்தைக் கைவிட மாட்டோம் என்றார்கள். முதல் வாரத்தில் நிதி தேங்கியபோது லினக்ஸ் ஆட்கள்தான் ஓடி ஓடிப் பகிர்ந்தோம். இந்தப் பக்கத்திலேயே நான் எழுதி, உங்களில் சிலர் போட்டீர்கள். ஆல்ஃபாவில் கிராஃபிக்ஸ் டிரைவர் பிழைகளை லாக் ஃபைலோடு எழுதி அனுப்பினோம், அதில் பல விண்டோஸிலும் இருந்த பிழைகள். அப்போது எங்களுக்கு "முதுகெலும்பு" என்று பெயர். இப்போது அவர்களுடைய மாடரேட்டர் எங்களை "சத்தம் போடும் சிலர்" என்கிறார். சத்தம் போட்டுத்தான் உங்களுக்கு அந்த நிதி வந்தது. அன்றைக்கு அந்தச் சத்தம் இனித்ததே. எங்கள் பெயர்கள் இன்னும் கிரெடிட்ஸில் ஓடுகின்றன. அதைப் பார்க்கவும் விண்டோஸ் வேண்டும்.

என் சொல்லை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு: உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் அவர்களிடம் கேட்கிறேன். கிக்ஸ்டார்ட்டர் ரசீது, சர்வேயில் லினக்ஸ் தேர்ந்தெடுத்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பழைய கேம்பெயின் பக்கத்தின் படம், இந்த மூன்றையும் எடுத்து வையுங்கள். கேம்பெயின் பக்கத்தை நடத்தியவர்கள் தாங்களாக அழிக்க முடியாது, ஆனாலும் படம் எடுத்து வைப்பது நல்லது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இன்பாக்ஸில் கேட்டால் அனுப்புகிறேன். அதில் கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை, தேதிகளும் அவர்கள் எழுதிய வரிகளும் மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் தனித்தனியாக அனுப்பிவிடுவோம். மொத்தமாக ஒரே ஆள் அனுப்பினால் ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள்.