அந்த மாத்திரைப் பையைக் கேட்கிற ஆள் யார்?

முதியவர்கள் வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறார்களா என்று பார்ப்பதே செவிலியரின் வேலை என்பதுபோல், முதியோர் பராமரிப்பில் செவிலியர் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை போகிறது. அது பாதிதான். சுகருக்கு ஒரு டாக்டர், மூட்டுவலிக்கு இன்னொருவர், அப்புறம் மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது யார்?

எங்கள் பெரியம்மா பிபிக்கு அம்லோடிபின் போடுகிறவர். கால் வீங்குவது அதன் தெரிந்த பக்கவிளைவு. வேறோர் இடத்தில் வீக்கத்தைக் காட்டியபோது, நீர் பிரிய மாத்திரை எழுதிவிட்டார்கள். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போய், தலைசுற்றி பாத்ரூமில் விழுந்தார். "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோட கொண்டு வாங்கம்மா" என்று சொன்னது ஒரு நர்ஸ்தான். அட்டைகளை மேஜையில் பரப்பிப் பார்த்தவர், பிபி மாத்திரையையும் கால் வீக்கத்தையும் முடிச்சுப் போட்டு டாக்டரிடம் சொன்னார். மருந்து மாறியது, வீக்கமும் வடிந்தது. அதே பையில் மெட்ஃபார்மின் என்கிற ஒரே சுகர் மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது தனிக் கதை.

மருந்தை நிறுத்த நர்ஸுக்கு அதிகாரம் இல்லை, சரி. கேட்கலாமே! தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருகிறவர்கள், வெளியே வாங்கும் அட்டைகளையும் பார்த்து ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடம் சொல்லலாம். டிஸ்சார்ஜ் சீட்டிலும் எந்தப் பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று தமிழில் எழுதித் தரட்டும்.