மகர்நோன்புப் பொட்டலும் மாநகராட்சிப் பலகையும்

தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கும்படி 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணையிட்டதிலிருந்து, 'பரம்பரைப் பெயர் போகிறதே' என்ற புலம்பல் காரைக்குடிப் பக்கம் கேட்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போகட்டும். எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே தொடங்கிய வேலை இது. என் கவலை, அந்த இடத்தில் எதை எழுதப்போகிறார்கள் என்பதுதான். மலர்களின் பெயர் வைக்கலாம் என்கிறார்கள். செட்டிநாட்டு வெயிலில் ரோஜாத் தெருவா!

காரைக்குடியின் மகர்நோன்புப் பொட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். விஜயதசமியைத்தான் நம் பக்கத்தில் மகர்நோன்பு என்கிறோம். சாமி குதிரை வாகனத்தில் புறப்பட்டு வந்து அம்பு போட ஒரு வெட்டவெளி வேண்டும். ஊர் அங்கே கூடியது, பெயர் ஒட்டிக்கொண்டது. எந்த அமைச்சரும் வந்து திரை விலக்கவில்லை. செக்காலை என்ற பகுதியிலும் பழைய தொழிலைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வாழும் வீதிகளில் இன்னொரு வகை உண்டு. ஆளின் பெயர் இராது, எழுத்துகள் மட்டும் இருக்கும், வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள். அதற்கு விலாசம் என்று பெயர். பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகள். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய கணக்குப் புத்தகத்தில் எந்த எழுத்துகள் இருந்தனவோ, அவையே வீட்டுக்கும், சில இடங்களில் வீதிக்கும் அடையாளமாயின. அதில் சாதி இல்லை, ஒரு குடும்பத்தின் வரவு செலவு இருக்கிறது. (வீட்டுப் பெண்களான ஆச்சிமார் பெயரில் ஓர் எழுத்துகூட அதில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

'அப்படியானால் கொழும்புச் செட்டியார் தெரு? அதுவும் சாதிப் பெயர்தானே?' என்று மடக்குவோர் உண்டு. நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட் என்று இருப்பதுதான் தமிழில் செட்டியார் தெரு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டையும் நம்மவர்கள் செட்டித் தெரு என்றார்கள். அங்கிருந்த கிட்டங்கிகள் (செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய கட்டடங்கள்) 1970களில் இடிபட்டு, இன்று அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடி அலுவலகங்கள். கடன் வேண்டுவோர் எங்கே போக வேண்டும் என்று அந்தப் பெயர் வழி காட்டியது. உள்ளூரிலோ சாதிப் பெயர் தாங்கிய பலகை, யார் இங்கே செருப்போடு நடக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. புதுப் பலகை எழுதுமுன் அந்தந்தத் தெருப் பெரியவர்களிடம் அதிகாரிகள் போய்க் கேட்கட்டும்: இங்கே எந்த ஊருணி இருந்தது, எந்தத் தொழில் நடந்தது, வண்டிகள் எங்கே அவிழ்த்துப் போடப்பட்டன என்று. ஆள் பெயர்தான் வேண்டுமென்றால் 1939இல் இங்கே கம்பன் கழகம் கண்ட சா. கணேசன் இருக்கிறார், சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலம் கொடுத்த அழகப்பச் செட்டியார் இருக்கிறார். பின்னவரை 'அழகப்பர்' என்றே பலகையில் எழுதலாம்; ஊர் அவரை அப்படித்தான் அழைக்கிறது, ஆணையும் மீறப்படாது.