வாகா உங்கள் ஹாலுக்கான ஷோபீஸ் இல்லை

நேற்றைய வீடியோவையும் அதன் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள், லிங்க் போடப் போவதில்லை. தெற்கு எத்தியோப்பியாவில் கொன்சோ மக்களின் மலைக்குப் போய் அந்த வீடியோவை எடுத்தவர் வாகா சிலைக்குப் பக்கத்தில் செல்ஃபி எடுக்கட்டும், தப்பே இல்லை. "ஹாலில் வைத்தால் செம லுக், என்ன விலை?" என்று கமென்டில் ஒருவர் கேட்க, "நேரில் பேசினால் படியும்" என்று வீடியோக்காரர் பதில் போட்டாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐயா, அது செத்துப்போன மனிதருக்கு வைத்த மரச்சிலை. நடுவில் அவர், பக்கத்தில் மனைவிமார், அவர் வீழ்த்திய எதிரிகள், சிறுத்தையைக் கொன்றிருந்தால் அதுவும். யாரோ ஒருவருடைய தாத்தா. தாத்தாவுக்கு விலை பேசுகிறீர்கள்.

"வெயிலிலும் மழையிலும் கிடந்து கறையான்தானே அரிக்கிறது, வாங்கி வந்தால் பிழைக்குமே" என்பார்கள். அடடா, என்ன கருணை! கராத் ஊரில் இருக்கும் கொன்சோ மியூசியத்துக்குப் போய்ப் பாருங்கள். திருடர்களிடமிருந்து மீட்ட வாகாக்களை அங்கே வைத்திருக்கிறார்கள். உங்களை மாதிரி கருணை உள்ளவர்கள் காசோடு காத்திருப்பதால்தான் திருட்டே நடக்கிறது. "அவர்களே விற்கிறார்களே" என்றால், சரி, சிலர் விற்றிருக்கலாம், அதற்காக?

எத்தியோப்பியா என்றால் நமக்குப் பஞ்சம் மட்டும்தான் ஞாபகம் வரும். மழை குறைந்த அந்த மலைச்சரிவில் கொன்சோ மக்கள் கல்லை மேல் கல்லாக அடுக்கி, சில இடங்களில் 5 மீட்டர் உயரத்துக்குக்கூடச் சுவர் எழுப்பி, மண்ணும் தண்ணீரும் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்திச் சோளம் விளைவிக்கிறார்கள். ஊர்களைச் சுற்றியும் கல் மதில். 400 வருடத்துக்கும் மேல், 21 தலைமுறையாக நடக்கிற வேலை. 2011இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, இந்தச் சிலை வைக்கும் வழக்கம் அழியும் நிலையில் இருப்பதையும் அப்போதே சொன்னது. இதெல்லாம் வீடியோவில் ஒரு வரி வந்ததா? "ஆதிவாசி பொம்மை" என்று வந்தது. பொம்மையாம்!

கமென்டில் இதைச் சொன்னதற்குத்தான் நான் "ஓவராக சீன் போடுகிறவன்" ஆகிவிட்டேன். போகட்டும். பல வருடப் பழக்கமுள்ள அண்ணன் ஒருவரே "அந்த ஊர்க்காரன் உனக்குச் சோறு போட்டானா?" என்று கேட்டதுதான் ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆமாம் அண்ணா, போட்டார்கள். பக்கத்து அர்பா மிஞ்சில் வாத்தியாராக இருந்தபோது நான் வாங்கிய சம்பளமே அவர்கள் காசுதான். கொன்சோவில் மாணவன் வீட்டுக்குப் போனால் சோளமாவு உருண்டையை முருங்கைக்கீரையோடு வேகவைத்துத் தருவார்கள், நம் மரத்துக்குப் பங்காளி மாதிரி ஒரு முருங்கை அங்கே வீட்டுக்கு வீடு நிற்கும். போதும் என்றாலும் அவன் அம்மா விடமாட்டார், மறுபடி வைப்பார். வேறு ஏதாவது கேட்கவேண்டுமா அண்ணா?